ஸ்ட்ரான்ஸ்கியின் ஊர்களில் ஒரு ஜனவரி

ஜனவரி 2, சோஃபியா

படிகங்கள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்த வேதியியலாளர் இவான் ஸ்ட்ரான்ஸ்கி 1897இல் இதே தேதியில் இதே ஊரில் பிறந்தார். பயணத்தை இன்றைக்குத் தொடங்கியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. மெல்லிய படலங்கள் பற்றியோ குவாண்டம் புள்ளிகள் பற்றியோ படித்தவர்களுக்கு "ஸ்ட்ரான்ஸ்கி–கிராஸ்தனோவ் வளர்ச்சி" என்ற பெயர் பழக்கமாக இருக்கும், ஒரு படிகத்தின் மேல் இன்னொன்று படிந்து வளரும் விதங்களில் ஒன்று அது, நானும் வகுப்பில் ஆண்டுதோறும் பலகையில் எழுதுகிற பெயர்தான். ஆனால் அந்த இருவரும் பல்கேரியர்கள் என்பதோ, ஒரு படிகம் எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு உலகம் இன்றும் வைத்திருக்கும் விடையில் பாதி சோஃபியாவில் காகிதமும் பென்சிலுமாகக் கிடைத்தது என்பதோ நான் படித்த பாடப் புத்தகம் எதிலும் இல்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை, அதனால்தான் வந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் புத்தாண்டுத் தூக்கத்திலிருந்து இன்னும் எழவில்லை. தங்கியிருக்கும் வீட்டு அம்மா நேற்று மிஞ்சிய பானிட்சாவைச் சுடவைத்துக் கொடுத்தார், மடிப்பு மடிப்பாக மாவும் உள்ளே பாலாடைக் கட்டியும் வைத்துச் சுடுகிற பலகாரம், புத்தாண்டுக்குச் செய்வதில் மட்டும் துண்டுக்கு ஒரு ஆசிச் சீட்டை ஒளித்து வைப்பார்களாம். என் துண்டில் வந்தது "பயணம்". சாப்பிட்டுவிட்டு ஜார் ஒஸ்வோபோதித்தெல் சாலையில் மஞ்சள் கற்கள் மேல் நடந்தேன். பனி உருகிய ஈரத்தில் அந்தக் கற்கள் கண்ணாடியாக வழுக்குகின்றன, பார்த்து நடக்க வேண்டும்.

சாலையின் கோடியில் சோஃபியா பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். வாசலின் இரண்டு பக்கமும் எவ்லோகி, ஹ்ரிஸ்தோ கெயோர்கியெவ் சகோதரர்களின் சிலைகள், இருவரும் உட்கார்ந்த கோலத்தில். கார்லோவோவிலிருந்து போய் வணிகத்தில் சம்பாதித்த பணத்தை இந்தக் கட்டடத்துக்காக எழுதிவைத்தவர்கள். அடிக்கல் நாட்டியது 1924இல், திறந்தது 1934இல். ஸ்ட்ரான்ஸ்கி இங்கே வேலைக்குச் சேர்ந்தது 1925இல், அதாவது இந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது. அவர் சேர்ந்த இயற்பிய வேதியியல் துறையும் அப்போதுதான் பிறந்தது, பல்கேரியாவில் அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் முதலில் நடத்தியவர் அவர்.

அப்பா நிகோலா அரண்மனைக்கு மருந்தாளுநர், கலோஃபெர் என்ற மலையடிவார ஊர்க்காரர். அம்மா பால்டிக் ஜெர்மானியக் குடும்பத்துப் பெண். பையனுக்குச் சின்ன வயதிலேயே எலும்பில் காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. தன் நோய்க்குத் தானே வழி கண்டுபிடிப்போம் என்று வியன்னாவுக்குப் போய் மருத்துவம் படிக்கத் தொடங்கினார், ஒரு வருடத்தில் மருத்துவத்திடம் அதற்குப் பதில் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டு சோஃபியாவுக்குத் திரும்பி வேதியியல் படித்து 1922இல் பட்டம் வாங்கினார். அப்புறம் பெர்லினில் பால் குந்தரிடம் எக்ஸ்-கதிர் நிறமாலையில் முனைவர் பட்டம். உடம்பு ஒத்துழைக்காத ஒருவர், பெரிய கருவிகள் எதுவும் இல்லாத புதுத் துறை ஒன்றில் வந்து உட்கார்ந்தார். அங்கிருந்து என்ன செய்தார் என்பதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 3, சோஃபியா

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஸ்ட்ரான்ஸ்கியின் வாழ்க்கையில் மற்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான், அதனால் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன காபிக் கடை. காபியோடு ஒரு கிண்ணத்தில் சர்க்கரைக் கட்டிகள் வந்தன, நல்ல கனசதுரக் கட்டிகள். மேசையில் நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டிகளை அடுக்கினேன். அது படிகத்தின் மேல் தளம், ஒவ்வொரு கட்டியும் ஒரு அணு. அந்தத் தளத்தின் மேல் இரண்டாம் அடுக்கைத் தொடங்கினேன்: பின் ஓரத்தில் முழுசாக ஒரு வரிசை, அதற்கு முன்னால் இரண்டே கட்டிகளோடு பாதியில் நிற்கும் இன்னொரு வரிசை. இப்போது கையில் இன்னும் ஒரு கட்டி இருக்கிறது. இதை எங்கே வைப்பது?

வெறும் தளத்தின் நடுவில் வைத்தால் அது தொடுவது தனக்குக் கீழே உள்ள ஒரு கட்டியை மட்டும், சும்மா தட்டினாலே போய்விடும். இரண்டாம் அடுக்கின் ஓரத்தை, அதாவது படியை ஒட்டி வைத்தால் கீழே ஒன்று, பின்னால் ஒன்று, ஆக இரண்டு. பாதியில் நிற்கிற வரிசையின் முனையில் வைத்தால் கீழே ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, ஆக மூன்று. படிகத்தின் உள்ளே புதைந்திருக்கும் ஒரு கட்டிக்கு ஆறு பக்கமும் ஆள் உண்டு. ஆறில் மூன்று சரிபாதி. இந்த இடத்துக்கு அரைப் படிக இடம் என்று பெயர், இன்றைய ஆய்வுக்கூடப் பேச்சில் கிங்க்.

இனி நடப்பதைப் பாருங்கள். அந்த முனையில் ஒரு கட்டியை வைத்ததும் முனை ஒரு இடம் தள்ளிப் போகிறது, ஆனால் முனை முனையாகவே இருக்கிறது, அடுத்து வரும் கட்டிக்கும் அதே மூன்று பக்கத் துணை. ஒரு கட்டியை எடுத்தாலும் அப்படித்தான். ஆகவே ஒரு பெரிய படிகம் முழுவதையும் இந்த ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து கட்டலாம், அதே வழியில் பிரித்தும் போடலாம். ஒவ்வொரு பிணைப்பையும் இரண்டு அணுக்கள் பங்கு போட்டுக்கொள்வதால், தலைக்குச் சராசரி என்று பார்த்தாலும் மூன்று பிணைப்புதான் வரும். அதாவது முழுப் படிகத்தின் சராசரிப் பிடிமானமும் இந்த ஒரு மூலையின் பிடிமானமும் ஒன்றே. படிகம் வளருமா, கரையுமா, அப்படியே நிற்குமா என்பதை இந்த மூலையில் வந்து சேரும் அணுக்களுக்கும் விலகிப் போகும் அணுக்களுக்கும் நடக்கிற கணக்கு தீர்மானிக்கிறது.

இதை 1927இல் ஜெர்மனியில் வால்தர் கோசல் ஒரு பக்கம் கண்டார், 1928இல் ஸ்ட்ரான்ஸ்கி சோஃபியாவிலிருந்து தனியாக வந்து சேர்ந்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. இருவருமே சாப்பாட்டு உப்பை எடுத்துக்கொண்டார்கள். உப்பில் கணக்கு சர்க்கரைக் கட்டி மாதிரி சுலபம் இல்லை, ஏனென்றால் சோடியம் அயனியும் குளோரின் அயனியும் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து ஆளை மட்டும் இழுப்பதில்லை, தூரத்தில் இருப்பவர்களையும் இழுத்துத் தள்ளுகின்றன, எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்க வேண்டும். கூட்டினால் வருகிற எண்கள் இவை: பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு அயனிகளின் ஈர்ப்பை 1 என்று வைத்துக்கொண்டால் வெறும் தளத்தில் உட்காரும் அயனிக்கு 0.0662, படியோரத்தில் 0.1807, கிங்கில் 0.8738. தளத்துக்கும் கிங்குக்கும் பதின்மூன்று மடங்கு வித்தியாசம்! உப்பு ஏன் இவ்வளவு ஒழுங்கான கனசதுரமாக விளைகிறது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது. நுண்ணோக்கியில் ஒரு அணுவைக்கூட யாரும் பார்த்திராத காலத்தில், அணு எந்த மூலையில் உட்காரும் என்று சொன்னது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். நான் கட்டிகளைக் கிண்ணத்தில் திரும்பப் போடாமல் கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் ஒரு கட்டியை எடுத்துச் சரியாக முனையில் வைத்தார்.

ஜனவரி 4, சோஃபியா

நேற்றையதைப் படித்துவிட்டுத் தம்பி போன் செய்தான். "அக்கா, வரிசை நிறையும் சரி, அடுக்கும் நிறையும் சரி. நிறைஞ்சதுக்கப்புறம் மூலையே இருக்காதே, அப்ப அடுத்த அடுக்கை யார் தொடங்குவாங்க?" என்றான். இதே கேள்விதான் இந்தத் துறையை இருபது ஆண்டுக்கு மேல் ஆட்டிவைத்தது.

அடுக்கு முழுதாக நிறைந்துவிட்டால் மேல் தளம் வழவழவென்று ஆகிவிடும், கிங்க் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. புதிதாக வரும் அணுக்கள் தளத்தில் அலைந்து திரிந்து, தற்செயலாகச் சில சேர்ந்து ஒரு சின்னத் தீவாக நின்றால்தான் அதன் ஓரத்தில் மறுபடி கிங்க் கிடைக்கும். அந்தத் தீவு ஒரு அளவுக்கு மேல் பெரிதாக இல்லாவிட்டால் கலைந்துவிடும். ஸ்ட்ரான்ஸ்கியும் அவருடைய மாணவர் ரோஸ்திஸ்லாவ் கைஷேவும் 1934 வாக்கில் இந்தத் தீவுகளின் கணக்கைத்தான் போட்டார்கள். கணக்குப்படி கரைசல் நன்றாகச் செறிந்திருந்தால்தான் தீவு பிழைக்கும். ஆனால் நிஜப் படிகங்களோ மிகக் குறைந்த செறிவிலேயே வளர்ந்துகொண்டிருந்தன. கோட்பாடு தப்பா? 1949இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஃபிராங்க் விடை சொன்னார்: நிஜப் படிகங்களில் திருகு போன்ற குறைகள் உண்டு, அந்தக் குறை மேல் தளத்தில் ஒரு படியை விட்டுவைக்கிறது, படி சுற்றிச் சுற்றி வளருமே தவிர ஒருபோதும் தீராது, அதனால் தீவு தேவையே இல்லை.

அப்படியானால் குறையே இல்லாத படிகம் கிடைத்தால் ஸ்ட்ரான்ஸ்கி சொன்னபடி நடக்குமா? இதைச் செய்து காட்டியதும் சோஃபியாதான். இன்று அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். சாரிகிராத்ஸ்கோ சாலையில் ஊர்க்காரர்கள் "நான்காம் கிலோமீட்டர்" என்று சொல்லும் இடத்தில் பல்கேரிய அறிவியல் கழகத்தின் வளாகம், வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டடங்கள், நடுவில் பைன் மரங்கள். கைஷேவ் 1958இல் நிறுவிய இயற்பிய வேதியியல் நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. விடுமுறை என்பதால் வாசலோடு திரும்பினேன், ஆனால் எனக்கு அந்த வாசலே போதுமானதாக இருந்தது.

1960களில் எவ்கெனி புதெவ்ஸ்கியும் கூட்டாளிகளும் கைஷேவோடு சேர்ந்து செய்தது இது. ஒரு வெள்ளிப் படிகத்தை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் மின்சாரத்தால் மெதுவாக வளர்த்தார்கள். படிகம் குழாய் வழியே வளர வளரக் குறைகள் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுவிட, குழாயை நிறைக்கிற முகப்பு குறையே இல்லாததாக வரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலம். அந்த முகப்பில் சில மில்லிவோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் இல்லை. படி இல்லை, மூலை இல்லை, அதனால் வெள்ளி அணு உட்கார மறுக்கிறது. ஒரு கணம் மட்டும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு இறக்கினால் ஒரு தீவு பிறக்கிறது, அது பரவுகிறது, மின்னோட்டம் ஏறி, அடுக்கு நிறைந்ததும் மறுபடி பூச்சியம். அந்த நேரத்தில் ஓடிய மின்னூட்டத்தை அளந்தால் ஒரே ஒரு அணு அடுக்குக்கு எவ்வளவு வெள்ளி வேண்டுமோ அவ்வளவு! நான் படித்த சோதனைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான், இதற்கு ஏன் இன்னும் பெரிய பெயர் கிடைக்கவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஜனவரி 5, கலோஃபெர் போகும் வழி

விட்டோஷா மலைக்குப் போவதாக இருந்தேன், காலையிலிருந்து மலை முழுவதும் மேகம், விட்டுவிட்டேன். மேகம் என்றதும் லியுபோமிர் கிராஸ்தனோவ் பற்றிச் சொல்லிவிடலாம். ஸ்ட்ரான்ஸ்கியோடு சேர்ந்து பெயர் வாங்கிய இவர் வானிலை ஆய்வாளர். நீராவி எப்படித் துளியாகிறது, துளி எப்படிப் பனியாகிறது என்பதே அவர் வேலை, ஒருவகையில் அதுவும் படிகம் பிறக்கும் கதைதான். பின்னால் 1962 முதல் 1968 வரை அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். ரயிலில் கார்லோவோ வழியாக வந்தோம், வலது பக்கம் ரோஜாத் தோட்டங்கள் பனிக்குள், இடது பக்கம் பால்கன் மலைத்தொடர்.

ஜனவரி 6, கலோஃபெர்

ஞானஸ்நானத் திருநாள். இந்த ஊர் ஆண்கள் ஜனவரி 6 காலையில் துஞ்ஜா ஆற்றுக்குள் இறங்கி ஆடுவதைப் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, இடுப்பு வரை தண்ணீர், நடுவில் பெரிய முரசும் தோல்பை வைத்த கைதா வாத்தியமும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆற்றின் போக்குக்கு எதிராக மெல்ல நகர்கிறார்கள். சிலர் தோளில் சின்னப் பையன்கள். கரையோரக் கல்லெல்லாம் பனிக்கட்டி போர்த்தியிருக்கிறது. முரசு அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் தெறித்து, தெறித்த துளி கைப்பிடிக் கம்பியில் விழுந்த இடத்திலேயே உறைகிறது, நான் கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் தன் பாத்திரத்திலிருந்து சூடான ஒயின் ஊற்றிக் கொடுத்தார், குடிக்க மாட்டேன் என்றதும் கோபித்துக்கொள்ளாமல் தேநீர் வாங்கி வந்து கொடுத்தார்.

கவிஞர் ஹ்ரிஸ்தோ போதெவின் ஊர் இது, எங்கே திரும்பினாலும் அவர்தான். ஸ்ட்ரான்ஸ்கி குடும்பம் பற்றிக் கேட்டேன், அந்தப் பெயரைக் கேட்டதும் பெரியவர் ஆமாம் ஆமாம் என்றார், நம் ஊரிலிருந்து சோஃபியா அரண்மனைக்கு மருந்து கொடுக்கப் போனவர்கள் என்றார். பையன் என்ன செய்தான் என்பதை நான் சொன்னேன்.

ஜனவரி 7, சோஃபியா

இன்று இவானோவ்தென், இவான் என்று பெயர் உள்ள அத்தனை பேருக்கும் பெயர்த் திருநாள், வீட்டு அம்மா காலையிலிருந்து போனில் யாரையாவது வாழ்த்திக்கொண்டே இருக்கிறார். நம் இவானுக்கு இந்த ஊர் செய்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

1930இல் ராக்கஃபெல்லர் உதவித்தொகையில் பெர்லின் போய் மாக்ஸ் வோல்மரோடு வேலை செய்தார். 1935–36இல் சோவியத் நாட்டில் ஸ்வெர்த்லோவ்ஸ்கில் ஒரு துறைக்குத் தலைமை தாங்கினார். 1937இல் சோஃபியாவில் முழுப் பேராசிரியர். 1941இல் அழைப்பின் பேரில் பிரெஸ்லாவ் போனார், இன்று அது போலந்தின் விரோத்ஸ்வாஃப். போர் முனை நெருங்கியதும் 1944இல் ஊர் திரும்பினார். அந்த செப்டம்பர் 9இல் ஆட்சி கவிழ்ந்தது, புதிய ஆட்சி அவரைப் பாசிசத்தின் ஆள் என்று சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியது. அந்தத் துறையைத் தொடங்கியவரையே துறையிலிருந்து துரத்தினார்கள். போர்க்காலத்தில் ஜெர்மனியில் வேலை பார்த்தார் என்பதைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேள்வி கேட்பது வேறு, பட்டம் கட்டி வெளியே தள்ளுவது வேறு, இரண்டாவதைத்தான் செய்தார்கள். அவர் மறுபடி ஜெர்மனிக்கே போனார். மாணவர் கைஷேவ் இங்கே தங்கினார், துறையைக் காப்பாற்றினார், நிறுவனம் கட்டினார், குருவின் பெயரை ஊருக்குள் மீட்டதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் பல்கேரிய அறிவியல் கழகம் ஸ்ட்ரான்ஸ்கியை வெளிநாட்டு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. சோஃபியாவில் பிறந்தவரை வெளிநாட்டு உறுப்பினராக!

ஜனவரி 8, பெர்லின், டாலெம்

மழை. சோஃபியாவை விடக் குளிர் குறைவு, ஆனால் மழை எலும்புக்குள் இறங்குகிறது.

டீல்பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கினால் ஃபாரடே தெரு பக்கம்தான். ஃபிரிட்ஸ் ஹாபர் நிறுவனம். ஸ்ட்ரான்ஸ்கி வந்தபோது இது கைசர் வில்ஹெல்ம் நிறுவனம், 1953இல் பெயர் மாறியபோது இவர் துணை இயக்குநர். இயக்குநர் யார் தெரியுமா? மாக்ஸ் ஃபான் லாவே. படிகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை எக்ஸ்-கதிரால் நிரூபிக்க வழி காட்டி 1914ஆம் ஆண்டு நோபல் வாங்கியவர். அடுக்கு இருக்கிறது என்று காட்டியவரும் அடுக்கு எப்படி உருவாகிறது என்று சொன்னவரும் ஒரே கட்டடத்தில்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இதே டாலெமில் 1951இல் எர்வின் முல்லர் புல அயனி நுண்ணோக்கியை உருவாக்கினார். டங்ஸ்டன் ஊசியின் முனையில் எந்த அணுக்கள் படியோரத்திலும் மூலையிலும் துருத்திக்கொண்டு நிற்கின்றனவோ அவைதான் அதில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். 1955இல், அப்போது அவர் அமெரிக்காவில் பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார், தனித்தனி அணுக்களின் படத்தையே எடுத்தார். 1928இல் காகிதத்தில் போட்ட மூலைகளை மனிதக் கண் பார்த்தது அப்படித்தான்.

ஜனவரி 9, பெர்லின், சார்லோட்டன்பர்க்

தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வோல்மரைப் போர் முடிந்த கையோடு சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பத்து ஆண்டு கழித்துத்தான் திரும்பினார். அவர் இடத்துக்கு ஸ்ட்ரான்ஸ்கி வந்தார். குண்டு விழுந்து பாதி இடிந்த வளாகம், அதில் வகுப்பை மறுபடி தொடங்கியவர்களில் ஒருவர். 1951 முதல் 1953 வரை பல்கலைக்கழகத்தின் தலைவர். சின்ன வயதிலிருந்து எலும்புக் காசநோயோடு வாழ்ந்த ஒரு மனிதர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1963இல் ஓய்வு பெற்றார், இயற்பிய வேதியியல் நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

எர்ன்ஸ்ட் ராய்ட்டர் சதுக்கத்தைத் தாண்டி ஹார்டன்பர்க் தெரு பக்கம் வந்தால் இயற்பியல் கட்டடம். கடைசியாகப் பார்க்க வைத்திருந்த இடம் இது.

ஸ்ட்ரான்ஸ்கியும் கிராஸ்தனோவும் 1938இல் வியன்னா அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு அயனிப் படிகத்தின் மேல் இன்னொரு அயனிப் படிகம் படிந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. முதல் அடுக்கு கீழே உள்ளதோடு இறுக ஒட்டிக்கொண்டு சீராகப் பரவும், அதற்கு மேல் வருவதற்கு அப்படிப் பரவுவது கட்டுப்படியாகாது, தனித்தனித் தீவுகளாக எழும்பும் என்று கணக்கில் காட்டினார்கள். இருபது ஆண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1958இல் எர்ன்ஸ்ட் பாவர் படலங்கள் வளரும் மூன்று விதங்களை வகைப்படுத்தியபோது இதற்கு இவர்கள் பெயரை வைத்தார். காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்திப் படிகத்தின் மேல் இண்டியம் ஆர்சனைடு என்ற இன்னொன்றைப் படியவிட்டால் இதேதான் நடக்கிறது, ஆனால் காரணம் வேறு: மேலே வருகிற படிகத்தின் அணு இடைவெளி சுமார் 7% பெரியது, ஒன்றரை அடுக்குக்குக் கொஞ்சம் மேல் வரைதான் நெருக்கிக்கொண்டு தாங்கும், அப்புறம் தீவுகளாக எழும்பிவிடும். ஒவ்வொரு தீவும் சில நானோமீட்டர் உயரம். அதற்குள் அடைபடும் எலெக்ட்ரான் குறிப்பிட்ட நிறத்தில்தான் ஒளி விடும். அந்தத் தீவுகள்தான் குவாண்டம் புள்ளிகள். வெட்ட வேண்டாம், செதுக்க வேண்டாம், தானாக முளைக்கும்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் டீட்டர் பிம்பெர்கின் குழுதான் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து யோஃபே நிறுவன ஆய்வாளர்களோடு சேர்ந்து, இப்படி முளைத்த புள்ளிகளை வைத்து லேசர் செய்தது, 1994இல். ஸ்ட்ரான்ஸ்கி 1979இல் சோஃபியாவுக்குத் திரும்பியிருந்தபோது இறந்துவிட்டார், பதினைந்து ஆண்டு முந்திவிட்டது.